மூன்று கேட்டேன்

எங்கள் சலவை ஆலையில் வெடியக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினொரு வருடமாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் விட்டுத் தேய்த்து எடுப்பவள். வாயைத் திறந்தால் பட்டாசு, அதனால்தான் அந்தப் பெயர். கணவர் போன பிறகு ஒரே மகளை அந்த வெக்கையில் நின்றுதான் ஆளாக்கினாள். நான் பக்கத்து உருளை. அவள் குரலை உயர்த்தாமல் பேசி நான் பார்த்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதற்குச் சில நாள் முன்பு, அக்காவின் உருளைக்கு முன்னால் இருக்கும் காப்புத் தடுப்பு கழன்று ஆடியது. அக்கா சூப்பர்வைசரிடம் ஓடினாள். "சார், மிஷினை நிறுத்துங்க, தடுப்பு ஆடுது."

"இந்த லோடு முடியட்டும்மா" என்றான் அந்த மனுஷன், போனை நோண்டிக்கொண்டே. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. துணி கொடுத்துக்கொண்டிருந்த, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் கை உள்ளே போய் வெந்துவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அக்கா சொல்லச் சொல்ல ஆபீஸ் கிளார்க் ஆங்கிலத்தில் தட்டினான். "சூப்பர்வைசர்கிட்ட நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்" என்றாள் அவள். அந்த மேதாவி போட்ட சொல் 'ஹியர்ட்'. அதாவது, சூப்பர்வைசர் நிறுத்தச் சொன்னானாம், இவள் காதில் வாங்கிக்கொண்டு சும்மா நின்றாளாம்! தெரியாமல் அடித்தானா, தெரிந்தே அடித்தானா, அது அவனுக்கே வெளிச்சம். கையெழுத்துப் போட்டால் வேலை போகும். ஒரு பெண்ணின் கையை வேகவைத்தவள் என்ற பழியும் ஒட்டிக்கொள்ளும்.

நல்லவேளை, காகிதத்தை வீட்டுக்கு வாங்கிப் போனாள். மகள் படித்துவிட்டுக் கத்தினாளாம். "அம்மா, ஹியர்ட்னா தானா காதுல விழுறது. லிசன்ட்னா காது குடுத்துக் கேக்கறது. நீ வாயைத் திறந்து கேட்டே. அதுக்கு ஆஸ்க்ட்னு போடணும்!" நமக்கு மூன்றுக்கும் ஒரே 'கேட்டேன்'தான். அதில் இப்படி ஒரு குழி இருக்கும் என்று யார் கண்டது?

மறுநாள் நானும் சாட்சியாக உடன் போனேன். அதிகாரியோடு சூப்பர்வைசரும் அங்கே உட்கார்ந்திருந்தான். தப்பு என்று சொன்னதும் கிளார்க் ஏதோ தயவு செய்கிறவன் மாதிரி திருத்தி நீட்டினான். 'லிசன்ட்'.

"இது இன்னும் மரியாதையா இருக்குக்கா" என்றான்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! ஒரு குடும்பத்தோட சோறுய்யா இது!" என்று மேஜையைத் தட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு எதிரில் இருந்த சூப்பர்வைசரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"சார், மிஷினை நிறுத்துங்கன்னு நான் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"எத்தனை தடவைம்மா கேப்பே? லோடு முடியட்டும்னு அன்னிக்கே சொன்னேன்ல!" என்று அவன் எரிந்து விழுந்தான். விழுந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அவர் என்ன சொன்னார் என்று அதிகாரி கிளார்க்கிடம் விசாரித்தார். கிளார்க் கீபோர்டுக்கு மேல் விரலைத் தூக்கியபடி சூப்பர்வைசரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் மூஞ்சியை ஏன் தம்பி பாக்கறே?" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணோட கையைப் போய்ப் பாத்துட்டு வந்து அடி."