வலது மூலையில் என் பெயர்

போர்டு எழுதுகிறவனுக்கு எழுத்து கோணலாகப் போனால்கூடத் தூக்கம் வந்துவிடும், மூலையில் தன் பெயரைப் போட மறந்தால் வராது. பிரஷ் பிடித்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது பொய்யில்லை என்று தலையாட்டுவீர்கள்.

எழுபதுகளில் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் 'சிகாமணி ஆர்ட்ஸ்' என்று கடை வைத்திருந்தேன். மளிகைக் கடை, பல் டாக்டர், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்று எழுதி நிம்மதியாக இருந்தவனிடம் இன்ஜினியரிங் மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். கடைசி வருஷம் ஆளுக்கு ஒரு கருவி செய்து, அதைப் பற்றி ஒரு சார்ட் மாட்டி, பக்கத்தில் நின்று விளக்க வேண்டுமாம். கருவியை அவர்கள் செய்துவிடுவார்கள். சார்ட் என் தலையில் விழும்.

பதினாலு பக்கம்

முதலில் வந்தவன் வைத்தி, மாட வீதிப் பையன். பொழுது விடிந்தால் தானே அணைகிற தெருவிளக்கு செய்திருந்தான். அதைப் பற்றிப் பதினாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, ஒரு வரி விடாமல் சார்ட்டில் வர வேண்டும் என்றான். சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. சரி, உன் பாடு என்று எறும்பு ஊர்வது மாதிரி அத்தனையும் எழுதி முடித்தேன்.

வாங்க வந்த அன்று சார்ட்டைக் கடை வாசலில் சாய்த்துவைத்துவிட்டு, அவனை எதிர்ப் பக்கம் பால் பூத்துக்கு அழைத்துப் போய், இங்கிருந்து படி என்றேன். எந்தப் போர்டையும் நான் அங்கே நின்று பார்க்காமல் கொடுத்ததில்லை. வைத்தி கண்ணைச் சுருக்கினான். பாதி ரோடு வந்து பார்த்தான். பின்னால் ரிக்‌ஷாக்காரர் திட்டினார். கடைசியில் சார்ட்டுக்குப் பக்கத்திலேயே வந்து ரொம்ப நேரம் நின்றான். பிறகு முகம் தொங்கிப்போய்ச் சொன்னான்: "மாஸ்டர், நான் படிச்சதெல்லாம் இதுல இருக்கு. நான் பண்ணினது எங்க இருக்குன்னுதான் தெரியலை."

சுட்டுவிரல்

வைத்தி சொல்லி வந்தவள் அவன் வகுப்பில் படித்த கோமதி. தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் மகள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு தெரு அடிகுழாயில் ஒற்றைக் கையால் மல்லாடும் பெண்களைப் பார்த்து, காலால் மிதித்தே தண்ணீர் இறைக்கிற அடிபம்பு ஒன்று செய்திருந்தாள். கிண்டியிலிருந்து ஒரு தொழிற்சாலை இன்ஜினியர் காலேஜ் கண்காட்சிக்கு வரப்போகிறார், பிடித்தால் ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார் என்றாள். அந்த இடம் கிடைத்தால் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டாராம்.

எனக்கு வேகம் வந்துவிட்டது. தண்ணீர் ஏறுகிற இடத்தில் எல்லாம் அம்புக்குறிக்குப் பதிலாக, சட்டைக் கை மடிப்போடு சுட்டுவிரல் நீட்டுகிற கை வரைந்தேன். ஆறு கை, ஒவ்வொன்றிலும் நகம்கூட உண்டு. ஓட்டல் போர்டில் வாசலைக் காட்டி நான் போடுகிற கைக்கு மயிலாப்பூர் முழுக்க மதிப்பு. கோமதி பார்த்தாள், சிரிப்பை அடக்கினாள், முடியவில்லை: "அண்ணே, தண்ணி மேல போறதக் காட்டச் சொன்னா, சாப்பாடு தயார்னுல்லா காட்டுறீங்க!"

தோத்ததை யார் எழுதுவா?

கையை எல்லாம் அழித்து நீல அம்பு போட்டேன். அடுத்த சண்டை வந்தது. பம்புக்குள் இருக்கிற தோல் வாஷர் ஐந்து முறை ஒழுகியதையும், ஆறாவதை விளக்கெண்ணெயில் ஊறவைத்த பிறகுதான் நின்றதையும் எழுத வேண்டும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கடைக்காரராவது போன வருஷம் பருப்பில் புழு வந்தது என்று போர்டில் எழுதுவாரா? முடியவே முடியாது என்று அந்த வரியை அடித்தேன். இடமும் மிச்சமாயிற்று, அந்த இடத்தில் ஒரு தாமரைப்பூ போட்டேன். அவளுக்கு மனசே இல்லை. சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போகும்போது சொன்னாள்: "அண்ணே, அந்தப் பூவ நான் செய்யல. வாஷரத்தான் செஞ்சேன்."

வலது மூலை

கண்காட்சிக்கு நானே பஸ் ஏறிப் போனேன். அவளைப் பார்க்க என்று வீட்டில் சொன்னேன், சார்ட்டைப் பார்க்கத்தான் போனேன். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. கிண்டி இன்ஜினியர் வந்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நேரே வலது மூலையைப் படித்தார்: சிகாமணி ஆர்ட்ஸ், மயிலை. பழக்க தோஷம். எப்போது போட்டேன் என்றே எனக்கு ஞாபகமில்லை. தலைப்பு இருக்கிறது, படம் இருக்கிறது, தாமரை இருக்கிறது, செய்தவள் பெயர் எங்கேயும் இல்லை.

காசு கொடுத்துப் பம்பையும் வெளியே செய்யச் சொன்னாயா என்று அவர் கேட்டார். அவள் இல்லை என்றதைக் காதில் வாங்காமலே சார்ட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். ஒரு பெண்ணைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டோமே என்று நொந்துகொண்டேன். முன்னால் போய், "சார், அந்தப் பேரு என்னுதுதான். எழுதினது மட்டுந்தான் நானு, மீதியெல்லாம் இந்தப் பொண்ணுது" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கோமதி அழவில்லை. கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸ் எடுத்தாள். ஐந்து வாஷரையும் வரிசையாக வரைந்து, எது எங்கே ஒழுகியது, ஏன் ஒழுகியது, அடுத்ததில் எதை மாற்றினாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆறாவதுக்கு வந்தபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிறையக் கேட்டார். எழுந்து போகும்போது என்னிடம் நின்று சொன்னார்: "காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு அஞ்சு தடவை ஒழுகினது தெரியாது. அதைப் போய் ஏன்யா எழுதாம விட்டே?"

கல்லாவுக்கு மேலே

இடம் கிடைத்தது. அடுத்த வாரமே கோமதி சார்ட்டோடு வந்தாள். நானே கேட்டு வாங்கி, தாமரையை அழித்து ஐந்து வாஷரையும் வரைந்து, 'ஐந்து முறை ஒழுகியது' என்று பால் பூத்திலிருந்து தெரிகிற அளவுக்கு எழுதினேன். மேலே அவள் பெயர், சிவப்பில். கூலி பேச்சே எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து அவள் அப்பா வரச்சொல்லியிருந்தார், கடைப் போர்டைப் புதுசாக எழுத. போனால், கல்லாவுக்கு நேர் மேலே, மகளை உட்காரவைப்பதாக இருந்த நாற்காலிக்கு மேலே, கண்ணாடி போட்டு அந்த சார்ட் தொங்குகிறது. பட்டுச் சேலை எடுக்க வந்தவர்கள் எல்லாம் நின்று படித்துவிட்டுப் போனார்கள். மனுஷர் அதைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "அஞ்சு தடவ ஒழுகிச்சுன்னு எங் கடையிலயே எழுதி மாட்டிருக்கேன் தம்பி. ஒரு சேலகூட விக்காமக் கெடக்கல, பாத்துக்கிடுங்க."

அந்த சார்ட்டின் வலது மூலை இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது, என் பெயரை அழித்து அதைக் காலியாக விட்டது நான்தான் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.