சாக்கு அடைத்த ஜன்னல்

குளியலறையை இறுக மூடிக்கொண்டு கேஸ் ஹீட்டர் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள். கட்டிவிட்ட கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன! போர்ட் பிளேரில், ஹேடோ குவார்ட்டர்ஸில், அறுபத்தேழாம் வருஷத்து அடைமழையில் நீலாவதிக்கு இது நடந்தது. பட்டப்பகலில்.

அவளுக்குக் குழந்தை பிறந்து பதினாறு நாள். என்ன செய்தும் தாய்ப்பால் சுரக்கவில்லை. டப்பாப் பாலைக் கரைத்து ஊட்டினால் பிள்ளை பாதியைக் கக்கிவிடும். பிழைக்குமா என்று பயந்துகொண்டே இருந்தாள்.

அன்று பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும். கொல்லையில் மழை கொட்டியது. கணவன் கோவிந்தராஜ் கரி பாய்லரைத் தூக்கிவந்து குளியலறைக்குள்ளேயே பற்றவைத்துக் கொடுத்துவிட்டு துறைமுகத்து ஜெட்டி வேலைக்குப் போனான். பிள்ளைக்குக் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடுமே! நீலாவதி ஜன்னலில் சாக்கைத் திணித்தாள்.

பக்கத்து வீட்டு மரகதம் பார்த்துவிட்டு ஜன்னலைக் காட்டினாள். "அந்தக் கிட்கிய மட்டும் பந்த் பண்ணாத, நீலா."

ஏன் என்று கேட்பதற்குள் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். நீலாவதிக்கு எரிச்சலாக வந்தது. கதவையும் தாழிட்டாள்.

காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கிடத்தினாள்.

தொப்...

சாக்கு உள்ளே விழுந்தது. எழுந்து மறுபடி திணித்தாள். தலை கனத்தது. பச்சை உடம்பு, அசதி என்று நினைத்தாள்.

தொப்...

இந்தத் தடவை சாக்கோடு ஒரு பெண்ணின் நான்கு விரல்கள் தெரிந்தன.

கத்த வாயெடுத்தாள். பளார் என்று கன்னத்தில் அறை விழுந்தது. உதடு கிழிந்தது. எதிரே யாருமில்லை. பிள்ளையை மார்போடு இறுக்கினாள். ஏதோ அவள் தலைமயிரைக் கொத்தாகப் பற்றி இழுத்தது. மண்டை கதவில் மோதியது. மறுபடியும் மோதியது.

"எம்பிள்ளைய குடுக்கமாட்டேன்டி..."

உதைத்தாள். கடித்தாள்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது...

பிள்ளை கையில் இல்லை.

படார்...

மரகதம் ஓடிவந்தபோது நீலாவதி கொல்லை மழையில் ரத்தமாகக் கிடந்தாள். எரவாணத்துக்கடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த பழஞ்சேலை நீலாவதியுடையது அல்ல.

கரி நெருப்பின் விஷவாயு என்றார் டாக்டர். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூடிய அறையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் தூங்கினபடியே இரண்டு பேரும் போயிருப்பார்களாம். கோவிந்தராஜ் கதவைப் போய்ப் பார்த்தான். தாழ்ப்பாள் உள்பக்கமிருந்து பிய்ந்து தொங்கியது.

மரகதம் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"உங்களுக்கு முன்ன இந்த வீட்ல சந்திரமதின்னு ஒருத்தி இருந்தா. அவளும் கிட்கிய அடைச்சுட்டுத்தான் பிள்ளைய குளிப்பாட்டினா. நாங்க கதவ உடைக்கறதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிடுச்சு."

நீலாவதி அவளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த பிள்ளையையே பார்த்தாள். காலையிலிருந்து அதற்கு ஒரு வாய்கூட ஊட்டவில்லை. டப்பா அடுப்படியில் மூடியபடியே இருந்தது.

பிள்ளையின் வயிறு நிறைந்திருந்தது. வாயோரம் பால் வழிந்திருந்தது. விரலால் தொட்டாள்.

இன்னும் சூடாக இருந்தது.