பிடிபட்ட கப்பலின் முந்தைய சர்வீஸ்

என் கணவர் ரிட்டையர் ஆகும் வரை வேலை பார்த்தது கப்பல் சம்பந்தப்பட்ட ஒரு மத்திய அரசு அலுவலகத்தில். கடலே இல்லாத டெல்லியில் கப்பலுக்கு என்ன அலுவலகம் என்று கல்யாணப் பேச்சின்போதே எங்கள் வீட்டில் கேட்டார்கள். நான் கடலூர்க்காரி, துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவள். அவருக்கு ஊர் திருச்சி. இன்று வரை கப்பலில் கால் வைத்தது கிடையாது. மகள் சின்னவளாக இருந்தபோது பெடல் படகில் ஒரு சுற்று சுற்றினோம். இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவர் இருந்தது எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில். யார் எப்போது வேலையில் சேர்ந்தார், அவருடைய எந்த வருடங்கள் சர்வீஸில் சேரும், எவை சேராது என்று தீர்ப்புச் சொல்கிற இடம். வீட்டிலும் அதே ஆள்தான். பால் வராத நாளைக் காலண்டரில் குறிப்பார். தவறிக் குறித்துவிட்டால் அடித்து, சரியாக எழுதி, பக்கத்தில் பொடியாகச் சுருக்கொப்பம் போடுவார். "திருத்தினா கையெழுத்து வேணும். இல்லாட்டி அது செல்லாது" என்பார். பால் கொண்டுவரும் பையா இந்தக் காலண்டரை ஒருநாளும் பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில், ஜனக்புரியில் எங்கள் தமிழ் வட்டத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மாதம் ஒருவர் எதையாவது பற்றிப் பேசுகிற கூட்டம் அது. முந்தின மாதம் சர்க்கரை நோய்.

"சார், நீங்க கப்பல் ஆபீஸ்ல இருந்தவரு. பழைய போர்க்கப்பல் எதையாவது பத்திப் பேசுங்களேன்" என்றார்.

தனக்குத் தெரிந்ததெல்லாம் இன்கிரிமென்ட் மட்டும்தான் என்று சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. "அச்சா, பாத்துடலாம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மெட்ரோ பிடித்துப் பழைய புத்தகச் சந்தைக்குப் போய், அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகத்தோடு திரும்பி வந்தார்.

அதில்தான் அந்தக் கப்பல் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பாய்மரப் போர்க்கப்பல். கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பல வருடம் அவர்களுக்காகச் சண்டை போட்டது. கடைசியில் ஆங்கிலேயர்கள் அதை மடக்கிப் பிடித்து, தங்கள் துறைமுகத்துக்கு இழுத்துப் போய், ஓட்டைகளை அடைத்து, தங்கள் கொடியை ஏற்றித் தங்கள் படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிரெஞ்சுப் பெயரை என் கணவர் காலையில் ஒரு விதமாகவும் சாயங்காலம் வேறு விதமாகவும் சொன்னதால், நான் அதை இங்கே எழுதப் போவதில்லை.

பேச்சைத் தயார் செய்ய உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கப்பல் பழுது பார்க்கப் போன மாதங்கள் மெடிக்கல் லீவாம். வேறொரு தளபதியின் கீழே அனுப்பியது டெபுடேஷனாம். வயதான பிறகு பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, கரையோரம் நிறுத்தி, கைதிகளை அடைத்து வைக்கிற சிறையாக்கிவிட்டார்கள். அதற்கு அவர் போட்ட தலைப்பு, 'ஓய்வுக்குப் பின் மறுநியமனம்'.

"நம்ம கேட்ல நிக்கிற செக்யூரிட்டி மாதிரியா?" என்றேன்.

"ஆமா, கரெக்ட். அதையும் சேத்துக்கறேன்" என்று எழுதிக்கொண்டார்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஆரம்பத்திலிருந்து படித்துக் காட்டினார். கப்பலின் சர்வீஸ் ஆங்கிலேயர்கள் கொடி ஏற்றிய அன்றைக்குத்தான் தொடங்கியது.

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி வேற சர்க்கார். அந்த சர்வீஸ் சேராது."

"பெரிய பெரிய சண்டையெல்லாம் அப்பதானே போட்டுச்சு?"

"போட்டிருக்கலாம். ரூல்ஸ்படி சேராது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. கப்பலுக்காக இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் கடலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறு வருடம். பையன்கள் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். கல்யாணமான கையோடு ராஜினாமா கொடுத்துவிட்டு டெல்லிக்கு வந்தேன். ராஜினாமா கொடுத்தால் அதற்கு முந்தைய சர்வீஸ் போய்விடும் என்பது சட்டம். அதில் எனக்குச் சண்டை இல்லை. இங்கே தமிழ்ப் பள்ளியில் மறுபடி முதல் படியிலிருந்து ஏறினேன், ஏறி முடித்தேன்.

என் சண்டை வேறு. யார் கேட்டாலும் என் கணவர், "டெல்லிக்கு வந்தப்பறம்தான் இவ வேலைக்குச் சேர்ந்தா" என்று சொல்வார். நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் அதையேதான் சொன்னார். 'அதுக்கு முன்னாடி ஊர்ல சும்மா இருந்தா' என்று ஒரு வரி கூடுதலாக வேறு. மாலையும் கழுத்துமாக நின்றதால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த 'சும்மா' இன்னும் எனக்கு நெஞ்சில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஆறு வருடத்தை, அதே மாதிரி நாலு பேர் முன்னால், அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆனால் கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே இருந்தேன்.

ஆகவே கப்பலைப் பிடித்துக்கொண்டேன்.

"ராஜினாமா கொடுத்தா முந்தின சர்வீஸ் போயிடும். சரி. அந்தக் கப்பல் ராஜினாமா கொடுத்துச்சா?"

பேனாவை மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். செக்‌ஷனில் சிக்கலான கேஸ் வந்தால் இப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"கொடுக்கல" என்றார்.

"பிடிச்சவங்க பேரை மாத்தினாங்களா?"

புத்தகத்தைப் புரட்டினார். "இல்ல. பழைய பேரையே வச்சுக்கிட்டாங்க. அதோட அளவெடுத்து, அதே மாதிரி வேற கப்பலும் கட்டியிருக்காங்க."

"அப்ப அதோட பழைய வேலைய அவங்களே மதிச்சிருக்காங்க. உங்களுக்கு என்ன வந்தது?"

அன்று முழுவதும் அவர் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை இட்லிக்கு நடுவில் திடீரென்று, "அது விரும்பிப் போகல. நிர்வாக நலன் கருதி இடமாற்றம்னு வச்சுக்கலாம். அப்படின்னா முந்தின சர்வீஸ் சேரும்" என்றார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

நான் சட்னிக் கரண்டியோடு காத்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு தூரம் வந்தவருக்கு அடுத்த அடி தெரியாதா?

"ஆனா உன் கேஸ் வேற" என்றார், நான் கேட்காமலே. "நீ ராஜினாமா கொடுத்தே."

"அதை எழுதினது யாரு?"

"டிராஃப்ட் நான் போட்டது."

நான் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒரு வாரம் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை. நடுவில் மகள் போன் செய்து, "அம்மா, என்ன லடாய்? ஷிப்புக்காகவா? உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமா? பாகல் ஆயிட்டீங்களா?" என்றாள். கப்பலுக்காகத்தான் என்றேன். வேறென்ன சொல்வது?

கூட்டத்தன்று ஹாலில் நல்ல கூட்டம். சூடான டீயும் போண்டாவும் உண்டு என்று செயலாளர் வாட்ஸாப்பில் போட்டிருந்தார். நான் மூன்றாவது வரிசையில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் கணவர் கப்பலை அது கட்டப்பட்ட நாளிலிருந்தே ஆரம்பித்தார். பிரெஞ்சுக் கொடியின் கீழே அது போட்ட சண்டைகளை ஒன்றையும் விடவில்லை. மெடிக்கல் லீவுக்குச் சிரித்தார்கள். மறுநியமனத்துக்கு, ரிட்டையர் ஆகி வேறு வேலைக்குப் போகிற நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முடித்ததும் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர் எழுந்தார். ஜனக்புரியில் அவர் எழுந்து நின்றால் டீ ஆறிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"எதிரி சர்க்கார்ல பண்ணின சர்வீஸை நீங்க எப்படிச் சேக்கலாம்? எந்த ரூல்ல இருக்கு?"

"அது தானா வரல சார். பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. ராஜினாமா கொடுத்தாத்தான் பழைய சர்வீஸ் போகும்."

"எழுத்துல இல்லாட்டியும், சரணடைஞ்சதே ராஜினாமாதான்" என்றார் அவர், விடாமல்.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க வீட்டுலயே ஒரு கேஸ் இருக்கு சார். எழுத்துலயே இருக்கு. ராஜினாமா லெட்டர்ல கையெழுத்து என் மனைவியோடது. டிராஃப்ட் என்னோடது. டெல்லி ரயிலுக்கு நேரமாச்சுன்னு, காபி டம்ளருக்குப் பக்கத்துல பேப்பரை வச்சு, ஜல்தி போடுன்னு சொன்னேன். போட்டுட்டா. நீ வேலைய விடறியான்னு நான் கேக்கவே இல்ல. அதை ராஜினாமான்னு இத்தனை வருஷமா நான் சொல்லிக்கிட்டிருந்தேன். அதுவும் பிடிச்சுக்கிட்டு வந்ததுதான்."

ஹாலில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார்.

"அதனால இந்தச் சபையில சொல்றேன். என் மனைவி டெல்லிக்கு வந்தப்பறம் வேலைக்குச் சேந்தவ இல்ல. அதுக்கு முன்னாடியே கடலூர் பக்கம் அரசுப் பள்ளியில கணக்கு டீச்சரா அஞ்சு வருஷம்..."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருடம் காத்திருந்த வாக்கியம்! அழலாம் என்றுதான் நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது.

"ஆறு!"

மொத்த ஹாலும் திரும்பி என்னைப் பார்த்தது. தணிக்கை அதிகாரி முதன்முறையாக உட்கார்ந்தார்.

"ஆறு வருஷம்" என்றார் என் கணவர் மைக்கில். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளை மேஜையில் வைத்து, ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினார். அத்தனை பேரும் டீக்காகக் காத்திருக்க, நிதானமாகக் குனிந்து, அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.