அடிவாரத்தில் நிற்பதாகச் சொல்லியிருந்தேன்

பனிச்சறுக்குக் காலணியை மாட்டியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதைக் காலணி என்று சொல்வதே தப்பு. இரண்டு பிளாஸ்டிக் வாளிகளுக்குள் காலை விட்டு, கொக்கி போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். கணுக்கால் அசையாது, குனிய முடியாது. உள்ளே அடுக்கடுக்காக உடை, வெளியே யார் யாரோ போட்டுக் கழற்றிய வாடகைச் சட்டை. மலாக்கா வெயிலிலேயே வளர்ந்த எனக்கு மூச்சு முட்டியது. கொரியாவுக்கு விடுமுறைக்கு வந்தோமா, தண்டனை அனுபவிக்க வந்தோமா என்று தோழிகளிடம் கேட்டேன். ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி மெர்லிமாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இடைநிலைப்பள்ளிக் காலத்திலிருந்தே என் வாயைப் பொறுத்துக்கொண்டு வருபவர்கள் என்பதால் இரண்டு பேரும் தம் பாட்டுக்குத் தங்கள் கொக்கிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் டிக்கெட் எடுத்தபோது அப்பா இருந்தார். பிறகு ஒரு நாள் காலை, மீன் வாங்கப் பசாருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், மீன் கடை முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு மலாக்காவுக்குப் பக்கத்தில், தங்கா பத்து என்ற ஊரில், எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் வேலை பார்க்கும் லாரி கம்பெனி ஆபீஸிலிருந்து கிளம்பக் கொஞ்சம் தாமதமானாலும் போன் வந்துவிடும். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், எத்தனை மணிக்கு வருவாய். தோழிகளோடு சாப்பிடப் போவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதையும் நிறுத்தினேன். அம்மாவிடம் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் நான்கு சுவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன.

துக்கம் நடந்த வீட்டில் வருஷ திதி முடியும்வரை மலை ஏறக்கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம். இந்த வருஷம் தைப்பூசத்துக்குக்கூட நாங்கள் பத்துமலைப் பக்கம் போகவில்லை. அதனால் கொரியப் பயணம் வேண்டாம் என்று நானே சொன்னேன். அம்மாதான் ஆச்சரியப்படுத்தினாள். "எடுத்த டிக்கெட்ட ஏன் வீணாக்குற? போயிட்டு வா. ஆனா மலை மட்டும் ஏறாத."

அவள் நினைப்பில் பனி என்பது சமதரையில், பாடாங் திடலில் கொட்டிக் கிடப்பது. மலை இருக்கும், ஆனால் நான் அடிவாரத்தில்தான் நிற்பேன் என்று விளக்கினேன். சத்தியமா என்றாள். சத்தியம் என்றேன். அப்பா போன பிறகு அம்மா என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறாள். ஆனால் தனக்காக வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான்.

முதல் நாள் மூவருமே அடிவாரத்தில்தான் விழுந்து எழுந்தோம். நிற்கவேண்டுமானால் காலணியில் மாட்டிய இரண்டு சறுக்குப் பலகைகளின் முனைகளையும் பீட்சாத் துண்டு மாதிரி உள்பக்கம் சேர்க்கவேண்டும் என்றார் கொரியக்காரப் பயிற்சியாளர். காதில் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் வேகம் கூடியதும் என் வலது கை ஊன்றுகம்பின் பிடியை இறுக்கியது. பள்ளியில் படிவம் ஐந்து படித்த காலத்திலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவள் நான். பயம் வந்தால் கை பிரேக்கைப் பிடிக்கும், கால் தரையைத் தேடும். கம்பில் ஏது பிரேக்? நீளமான பலகையைப் பூட்டிய காலை நீட்டித் தரையைத் தேடினால் குப்புற விழவேண்டியதுதான். தோழிகள் இருவரும் அதே மோட்டார் கையோடும் அதே மோட்டார் காலோடும் விழுந்தார்கள். மலேசியப் பெண்கள் மூன்று பேரும் ஏன் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி விழுகிறார்கள் என்று அந்த மனிதருக்குப் புரியவேயில்லை.

மறுநாள் தோழிகள் தேறிவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு, கம்பிவடத்தில் தொங்கி மலை ஏறும் நாற்காலி லிஃப்டில் மேலே போனார்கள். நான் கீழேயே, மழலையர் பள்ளிப் பிள்ளைகள் நடுவில் பீட்சா போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பயிற்சியாளர் எங்கள் வகுப்பை வரிசையாக எங்கோ கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் கயிறு. பின்னால் ஆட்கள். முன்னால் பார்த்தால் அதே நாற்காலி லிஃப்ட். திரும்பலாம் என்றால் காலில் என் உயரத்துக்குப் பலகை. ஒரு பக்கம் திருப்பினால் பின்னால் நிற்பவர் காலில் ஏறியது.

பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். எனக்கு வந்த ஆங்கிலமும் அவருக்குப் புரிந்த ஆங்கிலமும் ரொம்பக் கொஞ்சம். என் அப்பா இறந்துவிட்டார், அதனால் மலை கூடாது என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து, இடுப்பை வளைத்து, எனக்கு முன்னால் ஆழமாகத் தலை வணங்கினார். இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்கு ஆறுதல் சொன்னதில்லை. நானும் பதிலுக்குக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து வந்த நாற்காலி முழங்காலில் இடித்து என்னை அள்ளிக்கொண்டது. அவரும் பக்கத்தில் தாவி உட்கார்ந்து, குறுக்குக் கம்பியை இறக்கிப் பூட்டினார். கால் தரையை விட்டது.

பாதி வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது. உச்சியில் இறங்கும்போது யாரோ விழுந்திருக்கவேண்டும். காற்றில் நாற்காலி ஆடியது. கீழே பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. இறங்க வழியில்லை, திரும்ப வழியில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. அப்போது எனக்கு அப்பா மேல்தான் கோபம் வந்தது. ஒரு மீனை வாங்கிக்கொண்டு வீடு திரும்பத் தெரியாதா உங்களுக்கு? நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள், அம்மா என்னைப் பூட்டி வைக்கிறாள், இங்கே இவர்களும் பூட்டி வைக்கிறார்கள். அழுதேன். பயிற்சியாளர் மறுபடி தலை வணங்கப் பார்த்தார், கம்பி இடித்தது.

உச்சியில் தோழிகள் என்னைப் பார்த்துத் திகைத்தார்கள். லிஃப்ட்காரரிடம் இதிலேயே கீழே போகிறேன் என்று சைகை காட்டினேன். அவர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து முடியாது என்றார். மேலே வந்தவர்கள் சறுக்கித்தான் இறங்கவேண்டுமாம். நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ நடந்து ஏறல லா," என்றாள் ஆசிரியை. "நாற்காலியில உக்காந்துதான வந்த? இதெல்லாம் கணக்குல வராது."

"அத எங்கம்மாகிட்ட வந்து நீ சொல்லு."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு சொல்லியும் நான் அசையவில்லை. அசைந்தால் விழுவேன், விழுந்து எதையாவது உடைத்துக்கொண்டால் மலை ஏறியதால்தான் என்று அம்மா காலம் முழுக்கச் சொல்வாள், அதன் பிறகு வாசல்படி தாண்ட விடமாட்டாள். நர்ஸ் தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊசி போடும்போது பேசுகிற குரலில் பேசினாள்.

"இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் நீ மலைமேலதான் இருக்க. ஒங்கம்மாவுக்காகவாவது எறங்கு."

இறங்கினேன். பயிற்சியாளர் எனக்கு முன்னால் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே, என் பலகை முனைகளைக் கையால் சேர்த்துப் பிடித்தார். ஒவ்வொரு சரிவிலும் நான் இல்லாத பிரேக்கைப் பிடித்தேன். விழுந்தேன், தூக்கினார்கள், மறுபடி விழுந்தேன். எங்களைத் தாண்டி மழலையர் பள்ளி மொத்தமும் இறங்கிப் போனது.

அடிவாரம் வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரு நாள் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"மா, மலை ஏறிட்டேன். வேணும்னு ஏறல. ஆனா ஏறிட்டேன்."

அந்தப் பக்கம் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றும் கிறீச் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது.

"எறங்கிட்டியா?" என்றாள்.

"எறங்கிட்டேன்."

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லமா."

"சரி." அம்மா மூச்சு விடுவது கேட்டது. "மலை கெடக்கட்டும் விடு. மலை ஏறக்கூடாதுன்னு சொன்னா கேப்ப. எங்கயும் போகாதன்னு சொன்னா கேப்பியா? அதான் மலைய சொன்னேன். ஒங்கப்பா மலைக்கா போனாரு? பசாருக்குத்தான போனாரு."

தோழிகள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்ப வர?" என்றாள். நாளை மறுநாள் என்றேன்.

"அதுவரைக்கும் தரையிலயே இரு. ஒசரமா எங்கயும் போகாத."

"ப்ளேன்ல வரணுமேமா."

"அது மட்டும் பரவால்ல," என்றாள்.

போனை வைத்த பிறகு நர்ஸ் தோழி குனிந்து என் காலணியின் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கால் வெளியே வந்துவிட்டது. வலது கையில் இருந்த கம்பைத்தான் விட முடியவில்லை, விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. தங்கா பத்தில் அம்மாவும் போனை இப்படித்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. நாளை மறுநாள் போய் அந்த விரல்களை நான்தான் பிரிக்கவேண்டும்.