கப்பல் வாசலில் அடித்த மேளம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். செம்பாக்கத்தில் இரும்புக் கடை, கல்யாண மண்டபம் எல்லாம் தனியாளாக உண்டாக்கினேன். என் பேத்தியின் சிறப்புப் பள்ளிக் குழந்தைகளைப் பழைய போர்க்கப்பல் அருங்காட்சியகத்துக்குப் பஸ் வைத்து அழைத்துப் போனேன். வாசலில் வரவேற்க மேளமும் சொல்லியிருந்தேன்.

முதல் அடி விழுந்ததும், இறங்கிய குழந்தைகள் காதைப் பொத்தி அலறிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஓடினார்கள்.

"நிறுத்தச் சொல்லுங்க சார்! பிள்ளைங்களுக்கு சத்தம் ஆகாதுன்னு சொன்னேனே!" என்று டீச்சர் கத்தினார்.

"மேளம் இல்லாம இன்னாம்மா மரியாதை?" என்றேன்.

மேளம் நின்ற பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. கப்பலைப் பார்க்காமலே தாம்பரத்தில் இருக்கும் பள்ளிக்குத் திரும்பினோம்.

பேத்தி இப்போது பஸ்ஸைக் கண்டாலே நடுங்குகிறாள். பள்ளியில் சுற்றுலாவையே நிறுத்திவிட்டார்கள். இனி டீச்சரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்றிருக்கிறேன். கேட்கத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

மேளம் வைத்தது நான்தான் என்று ஊரே சொல்கிறது. பஸ் வைத்ததும் நான்தான். ஊர் பேசும்போது அதையும் என் பெயரோடு சேர்த்துச் சொல்லட்டும்.