பரீட்சைக்காகக் கேட்ட பாடகி

என் கணவரை மூன்று வருடம் ஜெர்மனிக்கு அனுப்புவதாக அவருடைய கம்பெனி சொன்னது. மனைவிக்கு விசா வேண்டுமென்றால் அடிப்படை ஜெர்மன் பரீட்சை எழுதியாக வேண்டும். தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் நர்ஸுகள். எங்கே வலிக்கிறது என்று ஒருவரையொருவர் ஜெர்மனில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கு உச்சரிப்பு வரவில்லை. பியானோவோடு பாடும் பழைய ஜெர்மன் கவிதைப் பாட்டுகளைக் கேளுங்கள், ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும் என்று ஆசிரியை ஒரு பாடகியின் பெயரை எழுதிக் கொடுத்தார். காலையில் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கும்போது கேட்டேன்.

முதல் வாரம் பிடிக்கவில்லை. கமகம் கிடையாது. ஒரு ஸ்வரத்தில் நின்றால் அங்கேயே நிற்கிறார். மூன்றாவது வாரம் ஒரு பாட்டில் அவர் பாடி முடித்த பிறகும் பியானோ மட்டும் தொடர்ந்தது. அவர் சும்மா நிற்பதும் பாட்டில் சேர்த்தி என்று தோன்றியது. அன்று ஒரு சுற்று கூடுதலாக நடந்தேன்.

வீட்டிலும் போட ஆரம்பித்தேன்.

"ஏன் இவ்ளோ சோகமா பாடறாங்க?" என்றார் கணவர்.

"அவங்க ஆளு விட்டுட்டுப் போயிட்டான்."

"எங்க?"

"அது பாட்டுல இல்ல."

"நாலு நிமிஷம் பாடறாங்களே," என்றார்.

வாய்மொழித் தேர்வில், விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஜெர்மன் அவ்வளவும் பாட்டு ஜெர்மன். தனியாக நடப்பேன், ஓடையோடு பேசுவேன், எனக்காக யாரும் காத்திருக்கவில்லை என்றேன். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் எல்லாம் சரிதானே என்று தமிழில் விசாரித்தார். பாஸாகிவிட்டேன்.

அடுத்த மாதம் கம்பெனி அந்த வேலையையே ரத்து செய்தது. கணவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளவுமில்லை.

பரீட்சை முடிந்தும் கேட்பதை விடவில்லை. தேடியதில், கடைசியில் பியானோ மட்டும் தொடரும் அந்தப் பாட்டையே அந்தப் பாடகி வயதான பிறகு பாடிய பதிவு கிடைத்தது. இளமையில் ஒரே மூச்சில் பாடிய வரியை இதில் நடுவில் நிறுத்தி மூச்சு எடுக்கிறார். எடுப்பது நன்றாகவே கேட்கிறது. 'இனி இல்லை' என்ற சொற்களுக்குச் சரியாக முன்னால் அந்த இடைவெளி. முதல் பதிவை அத்தனை முறை கேட்டும் அந்தச் சொற்களை நான் கவனித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு இரண்டையும் போட்டுக் காட்டினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரெண்டாவத திரும்பப் போடு," என்றார்.

போட்டேன். நடுவில் குக்கர் விசில் அடித்தது. நான் எழுவதற்குள் அவரே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.