கணினியில் தேய்ந்த எங்கள் மலை

என்னைப் பெண் பார்க்க வந்தவருக்கு வானிலைக் கணிப்பில் வேலை. கம்பளை டவுன்காரர். படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கடைசி வார்த்தை அப்பாவுடையது. அவர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் காலமெல்லாம் கொழுந்து வாட்டியவர்.

வருவதற்கு முதல்நாள் மாப்பிள்ளை போன் செய்து, நாளை பின்னேரம் உங்கள் பக்கம் மழை இல்லை, கணினியே சொல்கிறது என்றார். மலையுச்சியில் மேகம் கவிந்திருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்பா அதை நம்பினார். படித்த பிள்ளையின் சொல்லாயிற்றே. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் எட்டு வீட்டுக் கதிரைகளையும் இரவல் வாங்கி வாசலில் வரிசையாகப் போட்டார்.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் வானம் பொத்துக்கொண்டது. பஜ்ஜித் தட்டில் தண்ணீர் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு கதிரையைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

உள்ளே, நனைந்த உடுப்பை மாற்றி அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை விளக்கம் சொன்னார். கணினி நாட்டைச் சதுரம் சதுரமாகப் பிரிக்குமாம். ஒரு சதுரத்துக்கு ஒரே உயரம்தானாம். எங்கள் மலையும் கீழே கண்டி டவுனும் ஒரே சதுரத்தில் விழுந்ததால், மேட்டையும் பள்ளத்தையும் நிரவி நடுவாக ஓர் உயரம் வைத்துவிட்டதாம். மேகத்தை மறித்து மழையாக்க அங்கே மலை போதவில்லையாம். அந்தக் கணக்குப்படி எங்கள் லயம் அந்தரத்தில் தொங்கியது.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப எங்க மல அதுல இல்லியா?"

"இருக்குங்க மாமா. கொஞ்சம் தேஞ்சிருக்கு."

மூன்று தலைமுறையாக ஏறி இறங்கி எங்கள் முழங்கால்தான் தேய்ந்தது, மலை தேயவில்லை என்றார் அப்பா. மழை விட்டதும், மேலே போய் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மனிதர் சாரத்தோடேயே ஏறினார். பொழுது சாயுமுன் திரும்பி வந்தவரின் கால்களில் முழங்கால்வரை அட்டைகள். அப்பா உப்புப் போத்தலோடு அவர் காலடியில் குந்தி, ஒவ்வொன்றாக விழவைத்தபடி கேட்டார்.

"இப்ப சொல்லுங்க. மல இருக்கா?"

"இருக்குங்க மாமா. கடிக்குது."

அப்பா உப்புக் கையோடேயே எழுந்து, நிச்சயத் தட்டை எடுத்துவரச் சொன்னார்.